துணியும் தகரமும் சேரும் இடம்

சாம்பல் நிற டிரான்ஸ்போர்ட்டர் வேன் பண்ணை வாசலைத் தாண்டி உள்ளே வரும்போது மாலை ஐந்து மணி இருக்கும். மதியத்திலிருந்தே மழை. ஈரப்புல்லில் முன்சக்கரம் ஒருமுறை வழுக்கிச் சுழன்று, பிறகு பிடிப்புக் கிடைத்து, கல்சுவரை ஒட்டிய இடத்தில் வந்து நிற்கிறது. எஞ்சின் அணைகிறது. யாரும் இறங்கவில்லை. ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நான்கு தலைகள். மழை சற்று விடட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவும் கொட்டகையில் ஒதுங்கி நிற்கும் எங்களுக்கு அது விடாது என்று தெரியும்.

இடம் பாரோடேல். இங்கிலாந்தின் வடமேற்கில், லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கு. இதன் தலைமாட்டில் சீத்வெயிட் என்று ஒரு குக்கிராமம். இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் ஊர்களில் அதிக மழை பெறுவது அதுதான். ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. அட்லாண்டிக்கிலிருந்து ஈரம் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று ஸ்காஃபெல் பைக், கிரேட் கேபிள் மலைகளில் முட்டி மேலேறுகிறது. ஏறினால் குளிர்கிறது, குளிர்ந்தால் கொட்டுகிறது. அரைமணி நேரத்துக்குள் காரில் போய்விடக்கூடிய கெசிக் நகரில் இதில் பாதி மழைகூட இல்லை. பக்கத்து ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் 5 அன்று முடிந்த 24 மணி நேரத்தில் 341.4 மி.மீ. பதிவானது, பிரிட்டனின் சாதனை அளவு அது. இங்கே முகாமுக்கு வருகிறவர்கள் மழையைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் வரவேண்டும். வானிலைச் செயலியில் கெசிக் என்று தட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பாவம், வேறொரு ஊரின் வானத்தை நம்பி வந்துவிடுகிறார்கள்.

கால்மணி நேரம் கழித்து அப்பா இறங்குகிறார். நாற்பதைத் தாண்டியவர். நல்ல மழைக்கோட்டு, காலில் செருப்பு. பின்கதவைத் தூக்கி அதன் அடியில் நின்றுகொண்டு ஒரு பெரிய பையை இழுக்கிறார். பையின் கைப்பிடியில் கடைச்சீட்டு இன்னும் தொங்குகிறது. உள்ளே இருப்பது புது ஆனிங். வேனின் பக்கவாட்டுத் தள்ளுகதவோடு சேர்ந்து நிற்கும் துணிக்கூடாரம். இரும்புக் கம்பிக்குப் பதில் காற்றுக்குழாய்கள். பம்பு வைத்து அடித்தால் எழுந்து நின்றுவிடும். கூடாரத்துக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு குட்டி நடைபாதை, அதுவும் துணிதான். பகலில் ஊர் சுற்றப் போகும்போது அந்த நடைபாதையை மட்டும் கழற்றிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போகலாம்; கூடாரம் தன் இடத்திலேயே நிற்கும். நான்கு பேர் ஒரு வேனுக்குள் முட்டிக்கொள்ளாமல் ஒரு வாரம் கழிக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

ஆனால் இதை முதன்முறையாக மழையில் கட்டக்கூடாது. கடைப் படங்களில் எப்போதும் நீல வானமும் காய்ந்த புல்லும்தான். பத்து நிமிட வேலை என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பத்து நிமிடம் வெயிலில், சமதரையில், ஏற்கெனவே பலமுறை கட்டிப் பழகிய இரண்டு பேருக்கு ஆகும் நேரம். வாங்கியவுடன் வீட்டு வாசலிலோ பூங்காவிலோ ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கடையிலேயே சொல்லி அனுப்பினால் எத்தனை குடும்பங்களின் முதல் மாலை பிழைக்கும்!

அவர் பையைக் கவிழ்க்கிறார். புதுத்துணியின் மடிப்புகள் கத்தி விளிம்பாக நிற்கின்றன. எது மேல்புறம், எது உள்புறம் என்று பார்க்க முழுவதையும் பிரித்துப் போடுகிறார். அதற்குள் உள்புறம் நனைந்துவிடுகிறது. மகள் இறங்கி வருகிறாள். பதினான்கு வயது இருக்கலாம். தலைமுடியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மறுமுனையைப் பிடிக்கிறாள். அம்மா விளக்கத்தாளை வாசலில் நின்று வாசிக்கிறார். தாள் நனைந்து கிழிகிறது. ஏழெட்டு வயதுப் பையன் முன்சீட்டில் முழங்காலிட்டு எல்லாவற்றையும் பார்க்கிறான்.

முதலில் முளை அடித்துவிடுகிறார்கள். காற்று இழுக்கிறதே என்ற பயம். அடித்து முடித்து, பம்பு செய்து, ஏழு பி.எஸ்.ஐ. வந்து குழாய்கள் விறைத்து நின்ற பிறகுதான் தெரிகிறது: நடைபாதைத் துணி வேனை எட்டவில்லை. ஒரு முழம் குறைகிறது. அப்பா வேனைப் பார்க்கிறார், கூடாரத்தைப் பார்க்கிறார். வேனை நகர்த்தலாம், ஆனால் அந்தப் பக்கம் சேறு. முளைகளைப் பிடுங்குகிறார்கள். பையோடு வந்த மெல்லிய கம்பி முளைகள் அதற்குள்ளேயே வளைந்துவிட்டன. இந்த மண்ணில் ஒரு சாண் கீழே ஸ்லேட் பாறைச் சில்லுகள். இதற்குக் கனத்த இரும்பு முளை வேண்டும், தலையில் பிளாஸ்டிக் பிடியோடு ஆணி போலிருக்குமே, அது. கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகத் தலையைச் சாய்த்து அடிக்கவேண்டும். அவர் நேராக அடிக்கிறார்.

எதிர்வரிசையில் ஒரு வெள்ளை மோட்டார் ஹோம். அதன் உரிமையாளருக்கு வேறு வகை ஆனிங்; கூரையோரப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்து, கைப்பிடியைச் சுற்றினால் வெளியே வருவது. சுற்றி இறக்கி, இரண்டு கால்களையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிட்டு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். துணியின் நடுவில் தண்ணீர் சேர்ந்து, குழந்தை கிடக்கும் தூளியாகத் தொங்குகிறது. ஒரு சதுர மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் ஐம்பது கிலோ. மடங்கும் அலுமினியக் கைகள் சுமக்கச் செய்யப்பட்ட பாரமல்ல அது. மனைவி உள்ளிருந்து ஏதோ சொல்ல, அவர் எழுந்து ஒரு காலை இரண்டு கை அளவு தாழ்த்துகிறார். மொத்தத் தண்ணீரும் அந்த மூலை வழியாக ஒரே ஊற்றாக விழுந்து போகிறது. திரும்ப உட்காருகிறார். அவ்வளவுதான் அங்கே வேலை.

சாம்பல் வேனில் வேலை இனிமேல்தான். கூடாரம் கிட்டே வந்துவிட்டது. இனித் துணியையும் தகரத்தையும் சேர்க்கவேண்டும். நடைபாதைத் துணியின் விளிம்பில் ஒரு கயிறு வைத்துத் தைத்திருக்கிறது, ஆறு மி.மீ. கனம். வேனின் கூரையோரத்தில் ஒரு காடி. இரண்டையும் இணைப்பது எட்டு வடிவ ரப்பர் பட்டை. எட்டின் ஒரு வளையத்துக்குள் துணிக்கயிறு, மறு வளையம் காடியில் வரும் தனிக்கயிற்றுக்கு. ஒரு முனையில் நுழைத்து மறுமுனை வரை இழுத்துக்கொண்டே போகவேண்டும். காய்ந்திருந்தால் சரசரவென்று போகும். நனைந்த ரப்பர் அடிக்கொருமுறை சிக்கிக்கொள்ளும்.

மகள்தான் நுழைக்கிறாள். வேனின் படியில் ஏறி, ஒரு கையால் கூரையைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கயிற்றின் நுனியை நசுக்கிப் பட்டையின் வாய்க்குள் தள்ளுகிறாள். நுனி இழைகள் பிரிந்துவிட்டதால் போகமாட்டேன் என்கிறது. பல்லால் கடித்து முறுக்கி மறுபடி தள்ளுகிறாள். உள்ளே போய்விட்டது. தூக்கிய கையின் சட்டைக்குள் கூரைத் தண்ணீர் இறங்கி, முழங்கை வரை வந்து சொட்டுகிறது. அவள் கையை எடுக்கவில்லை.

"அப்பா, இழுங்க. மெதுவா."

அவர் இழுக்கிறார். ஒரு அடி வருகிறது. நிற்கிறது. பலமாக இழுக்கிறார்.

"மெதுவான்னு சொன்னேன்ல!"

கயிறு காடியிலிருந்து பிதுங்கி வெளியே வந்துவிடுகிறது. முதலிலிருந்து. அம்மா உள்ளே போய்ப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை எடுத்து வருகிறார். யாரும் சொல்லித் தரவில்லை, அவருக்கே தோன்றியிருக்கிறது. சிலிக்கான் ஸ்ப்ரே இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் சோப்பும் வேலை செய்யும். பட்டையின் வாயில் தடவிவிடுகிறார். இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. மூன்று துண்டுப் பட்டைகளும் ஏறிவிட்டன. பையன் முன்சீட்டிலிருந்து கைதட்டுகிறான்.

ஜிப்பைத் திறந்து எல்லோரும் உள்ளே போகிறார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அம்மா ஒரு பாத்திரத்தோடு வாசற்படிக்கு வந்து அதைக் கீழே வைப்பது தெரிகிறது. தள்ளுகதவுக்கு நேர் மேலே சொட்டுகிறது. ஓரிடத்தில் அல்ல, இரண்டு இடத்தில். அதோடு நடைபாதைத் துணியின் நடுவில் குளம் கட்டத் தொடங்கியிருக்கிறது. அப்பா உள்ளிருந்து தலையால் முட்டிப் பார்க்கிறார். குளம் இடம் மாறுகிறது, போகவில்லை.

இந்தத் துணிகளை வாங்கும்போது எல்லோரும் கேட்பது ஓர் எண்ணை. 3,000 மி.மீ. என்று போட்டிருந்தால், மூன்று மீட்டர் உயர நீர்த்தம்பம் அழுத்தும் வரை துணி தாங்கும் என்று பொருள். நல்ல எண்தான், மழைக்கு ஏராளம். ஆனால் வாசற்படியில் சொட்டும் தண்ணீர் துணி வழியாக வரவில்லை. கூரைத் தகரத்தின் மேல் விழுந்த மழை முழுவதும் ஓரத்துக்கு ஓடி வருகிறது; பட்டையின் ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது; அங்கே இறங்கிவிடுகிறது. வேனும் துணியும் சேரும் இடத்துக்குப் பெட்டியில் எண் எதுவும் அச்சிடுவதில்லை. காசைக் கனத்த துணியில் கொட்டுகிறவர்கள் இந்த இரண்டு விரலைப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு எப்போதும் உள்ள வருத்தம்.

ஓர் ஆரஞ்சு நிறப் பழைய வேனின் கதவு திறக்கிறது. 1970களின் ஃபோக்ஸ்வாகன் டைப் 2. அந்த வகை 1950இல் தொழிற்சாலையை விட்டு வந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் வைக்கத் தொடங்கிவிட்டது. இதன் கூரையைச் சுற்றித் தகரத்திலேயே ஒரு வாய்க்கால் உண்டு. விழும் மழை அதில் ஓடி மூலைக்குப் போய்விடும். அதன் வழியில் வந்த இப்போதைய டிரான்ஸ்போர்ட்டரில் அந்த வாய்க்கால் இல்லை. பார்வைக்கு வழவழப்பு கூடியிருக்கிறது, தண்ணீருக்குப் போக்கிடம் குறைந்திருக்கிறது.

இறங்கி வருகிறவர் எழுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் ஒரு கம்பளித் தொப்பி. இவ்வளவு நேரம் அவரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இந்த ஊர்ப் பழக்கத்தில் அழைக்காமல் போய் உதவுவது எளிதல்ல. வேலை தெரியாது என்று சொல்வது போல் ஆகிவிடுமோ என்று தயங்குவார்கள். பாத்திரம் வாசலுக்கு வந்ததும் அவருக்குத் தயக்கம் போய்விட்டது போலிருக்கிறது.

"நான் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா?"

அப்பா தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்பில் இருந்த நன்றியைக் கொட்டகையிலிருந்தே பார்க்க முடிந்தது.

அந்த அம்மாள் குளத்தைத் தொடவில்லை. கூடாரத்தைச் சுற்றி ஒருமுறை நடக்கிறார். பிறகு வேனுக்கும் கூடாரத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்டி, "ரொம்ப நெருங்கிட்டீங்க" என்கிறார். முதலில் எட்டவில்லை என்பதற்காக இழுத்ததில் அளவுக்கு மேல் கிட்டே வந்துவிட்டது. துணிக்கு நீளம் மிச்சம்; மிச்சம் தொங்குகிறது. பின்பக்க முளைகள் நான்கைப் பிடுங்கி, கூடாரத்தை ஓர் அடி பின்னுக்குத் தள்ளி, மறுபடி அடிக்கிறார்கள். இந்தமுறை அவருடைய முளைகள், சாய்த்து அடித்தவை. தொங்கல் பாதி போய்விட்டது. மீதிக்கு, நடைபாதையின் ஒரு பக்கத்தில் தைத்திருந்த வளையத்தில் கயிறு கட்டிக் கீழ்நோக்கி இழுக்கிறார். ஒரு பக்கம் தாழ்ந்ததும் குளம் முழுவதும் அந்தப் பக்கமாகச் சரிந்து புல்லில் விழுகிறது. பையன் "ஓ!" என்று கத்துகிறான்.

அடுத்து பட்டை. மகளைப் படியில் ஏறச் சொல்கிறார். மூன்று துண்டுகளையும் ஒன்றோடொன்று முட்டும்படி நெருக்கித் தள்ளவேண்டும். அவள் தள்ளுகிறாள். இரண்டு விரல் இடைவெளி மூடுகிறது. படியருகே சொட்டு நிற்கிறது. ஆனால் காடியின் முன்முனையிலிருந்து இன்னொரு தாரை வருகிறது; அதுவரை நடுவில் இறங்கிய தண்ணீர் இப்போது நுனிக்கு ஓடிவந்து, கதவின் விளிம்பில் திரும்பி உள்ளே எட்டிப் பார்க்கிறது. அந்த அம்மாள் கோட்டுப்பையிலிருந்து ஒரு முழம் கம்பளி நூலை எடுக்கிறார். பச்சை நிறம். காடியின் நுனியில் முடிச்சிட்டு, மறுமுனையைத் துணிக்கு வெளியே தொங்க விடுகிறார். தாரை ஒரு கணம் தயங்குகிறது. பிறகு நூலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. சொட்டுச் சொட்டாக அல்ல, நூலோடு ஒட்டி, தொடர்ந்து, தரை வரை. மகள் குனிந்து நூலின் அடி நுனியையே பார்க்கிறாள். விரலால் நூலைச் சற்று நகர்த்துகிறாள், தண்ணீரும் நகர்கிறது.

"தண்ணிக்கு ஒரு வழி காட்டினா போதும்மா, அது சண்டை போடாது" என்கிறார் அவர். தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். கணவருக்கு இரவுச் சாப்பாடு ஆகவில்லை என்று போய்விடுகிறார்.

இரவில் காற்று திரும்பியது. இழுகயிறுகள் எல்லாம் முனகின. காலையில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. சாம்பல் வேன் குடும்பத்தின் ஆனிங் நின்ற இடத்தில் நின்றது. ஆனால் அப்பா உள்ளேயிருந்து சட்டை தோளில் ஈரத்தோடு வந்து, துணியின் தையல்களைத் தடவித் தடவிப் பார்க்கிறார். உட்கூரை முழுவதும் நீர்த்துளிகள். ஒழுகுகிறது என்று முடிவு செய்துவிட்டார். அம்மா ஒரு துண்டால் ஓர் இடத்தைத் துடைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். துளி எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கிறது. தையலோரம் கூடுதலாக இல்லை. ஒழுகலாக இருந்தால் ஓரிடத்தில் வரும். இது நான்கு பேர் மூச்சு, ஈரப் புல், அடுப்பில் கொதித்த தண்ணீர். குளிருக்குப் பயந்து மூடி வைத்த இரண்டு காற்றுவாய்களையும் அம்மா திறந்துவிடுகிறார். காலைக் குளிரில் குழாய்களின் அழுத்தமும் இறங்கியிருந்தது. அப்பா பம்பை எடுத்து ஒவ்வொன்றுக்கும் சில அடி அடிக்கிறார். துணி மறுபடி விறைத்து நிற்கிறது.

பத்து மணிக்குக் கெசிக்குக்குக் கிளம்புகிறார்கள். அங்கே பென்சில் மியூசியம் இருக்கிறது. சீத்வெயிட் மலையில் தோண்டிய கிராஃபைட்டால் பிழைத்த ஊர் அது. பட்டையைக் கழற்றி, நடைபாதைத் துணியைச் சுருட்டிக் கூடாரத்தோடு கட்டுகிறார்கள். வேன் நகருமுன் மகள் கையைக் காட்டி நிறுத்துகிறாள். முன்சக்கரங்கள் இரண்டின் ஓரத்திலும் வளைந்த கம்பி முளை ஒன்றைத் தரையோடு தரையாக அடித்து, தலையில் சிவப்பு நாடா கட்டுகிறாள். திரும்பி வரும்போது அதே இடத்தில் அதே கோணத்தில் நிற்காவிட்டால் நேற்று மாலை முழுவதும் மறுபடி நடக்கும்.

மூன்று மணிக்குத் திரும்பினார்கள். அவள் மட்டும் இறங்கி நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, அப்பா ஓட்டினார். இரண்டாவது முயற்சியில் சக்கரம் நாடாவில் சரியாக வந்து நின்றது. சோப்புத் தடவிய பட்டை ஒரே இழுப்பில் ஏறியது. அவர் மெதுவாகத்தான் இழுத்தார்.

அடுத்த நாள் காலை மடிக்கும்போதும் மழை. உலர வைத்து மடிக்க வாய்ப்பே இல்லை. கூடாரத்தைப் பையில் திணிக்க ஆளுக்கொரு பக்கம் முழங்காலை ஊன்றிக் காற்றை வெளியேற்றுகிறார்கள். ஆரஞ்சு வேன் அம்மாள் தன் முளைகளை வாங்க வந்தவர் பையைத் தொட்டுப் பார்க்கிறார்.

"வீட்டுல விரிச்சுப் போட இடம் இருக்கா?"

"கராஜ் இருக்கு. வார இறுதியில விரிக்கலாம்னு நினைச்சேன்" என்கிறார் அப்பா.

"வார இறுதி வேண்டாம். இன்னைக்கு ராத்திரி. எவ்வளவு களைப்பா இருந்தாலும் இன்னைக்கே. ரெண்டு நாள் மூட்டையா கிடந்தா கரும்புள்ளி விழுந்துடும், அது அப்புறம் போகவே போகாது. மடிப்பு, தையல், ஜிப் ஓரம், அங்கெல்லாம் ஈரம் நிக்கும். புரட்டிப் புரட்டிப் போடுங்க."

அப்பா சரி என்கிறார். பையை ஏற்கெனவே வேனின் பின்புறத்தில் அடியில் வைத்து, அதன்மேல் நாற்காலிகளையும் அடுப்பையும் அடுக்கியாயிற்று. மகள் நாற்காலிகளை இறக்குகிறாள். அடுப்பை இறக்குகிறாள். ஆனிங் பையை வெளியே இழுத்து ஓரமாக வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் திரும்ப அடுக்கி, பையைக் கடைசியாக எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றிப் பின்கதவைச் சாத்துகிறாள்.